ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறீர்களா? கேரண்டியை எழுதி வாங்குங்கள்

ராஜபாளையம் நாய்க்குட்டிக்கு அட்வான்ஸ் போடத் தயாராகிவிட்டீர்களா? போன் பே பட்டனை அழுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாய் நல்ல நாய், அதில் சந்தேகமே வேண்டாம். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம்மூர் இனங்களைப் பெயர் சொல்லியே பேசினார். ஆனால் குட்டி வாங்கியவர்கள் அழுததை இரண்டு விஷயங்களில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒன்று, காது கேட்காத குட்டி. இன்னொன்று, வீட்டுக்கு வந்த ஒரே வாரத்தில் பார்வோ என்ற கழிச்சல் நோய் வந்து போய்ச் சேர்ந்த குட்டி. குட்டி செத்த பிறகு போனையே எடுக்காத பிரீடரும் இருக்கிறார், கேட்ட அன்றே பணத்தைத் திருப்பிக் கொடுத்தவரும் இருக்கிறார். இரண்டாமவரிடம் போய்ச் சேரத்தான் கீழே உள்ளவை.

செய்ய வேண்டியவை

நேரில் போங்கள். சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது ஸ்ரீவில்லிபுத்தூர், அடுத்தது ராஜபாளையம். பத்து, பன்னிரண்டு வருஷம் வீட்டில் இருக்கப்போகிற உயிருக்கு ஒரு ராத்திரிப் பயணம் பெரிதில்லை.

தாய் நாயைப் பாருங்கள். குட்டிகள் பால் குடித்த மடி தொங்கலாக இருக்க வேண்டும், குட்டிகள் அதனிடம் ஓட வேண்டும். ‘தாய் தோட்டத்துல கிடக்கு’ என்று சொன்னால், ‘வாங்க, தோட்டத்துக்கே போவோம்’ என்று சொல்லுங்கள். அப்போதும் மழுப்பினால் குட்டி வேறு எங்கிருந்தோ வந்தது என்று பொருள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத குட்டிக்கு எவர் கொடுக்கும் கேரண்டியையும் நம்ப முடியாது.

கூடப் பிறந்த குட்டிகளையும் எண்ணிப் பாருங்கள். எத்தனை பிறந்தன, எத்தனை இருக்கின்றன, மற்றவை எங்கே என்று கேளுங்கள். அந்த ஈத்தில் ஏதாவது கழிச்சலில் செத்திருந்தால் உங்கள் கையில் இருப்பதற்கும் அது தொற்றியிருக்கலாம்.

பிறந்த தேதியைக் கேளுங்கள், 8 வாரம் முடிந்ததா என்று கணக்குப் போடுங்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகள் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், குட்டிக்கு மைக்ரோசிப்பும் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும், தாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பதும் அதே விதிகள்தான்.

பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ராஜபாளையம் பக்கம் தலைமுறையாக வீட்டிலும் தோப்பிலும் நாய் வளர்க்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். பதிவு இல்லை என்பதாலேயே அவர்களை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதிவும் இல்லை, எழுதிக் கொடுக்கவும் மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

காதைச் சோதித்துப் பாருங்கள். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு என்று நாம் ஆசைப்பட்டுக் கேட்கிறோமே, அந்த வெளுப்போடுதான் பிறவிக் காதுகேளாமையும் வருகிறது. உள்காதில் நிறமி செல்கள் இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடுகின்றன. மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது. கூட்டத்தில் இருக்கும்போது கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் செவிட்டுக் குட்டி மற்ற குட்டிகள் ஓடுகிற பக்கமே தானும் ஓடும்.

அதனால் குட்டியை மட்டும் தனியே ஓர் அறைக்குக் கொண்டுபோங்கள். தரையில் விட்டுவிட்டு, அது வேறு பக்கம் பார்க்கும் நேரத்தில் நாலடி பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது மடல் நிமிர்கிறதா, தலை சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு மறுபக்கம் போய் மெல்ல விசில் அடியுங்கள். பக்கத்தில் நின்று கை தட்டாதீர்கள், காற்று அதன் மேல் படும்; காலைத் தரையில் உதைக்காதீர்கள், அதிர்வு தெரியும்; உங்கள் நிழலும் அதன் முன்னால் விழக் கூடாது. முதல் இரண்டு மூன்று சத்தத்துக்குக் காட்டுவதுதான் கணக்கு. அதன் பிறகு நன்றாகக் கேட்கிற குட்டிகூட அலுத்துப்போய்க் கண்டுகொள்ளாது. முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருந்து, தூங்கும்போது ஒரு முறை விசில் அடித்துப் பாருங்கள். கேட்கிற குட்டி அசையும்.

ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியை வீட்டுச் சோதனையில் பிடிப்பது கடினம். சத்தம் வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம் திரும்பித் தேடும், அவ்வளவுதான். அதை உறுதியாகச் சொல்லும் சோதனையின் பெயர் பேயர். தலையில் சின்னச் சின்ன ஊசி முனைகளை வைத்து, சத்தத்துக்கு மூளை நரம்பு தரும் பதிலை மெஷினில் பதிவு செய்வார்கள். 6 வாரத்துக் குட்டிக்கே செய்யலாம். எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதால் சென்னை வேப்பேரியிலோ திருநெல்வேலியிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் முன்கூட்டியே போன் செய்து, செய்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைக் காது நாய் வீட்டுக் காவலுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அதிலிருந்து ஈத்து எடுக்கக் கூடாது, குறை பரம்பரையாகப் போகும்.

கண்ணையும் பாருங்கள். வெள்ளை நாயில் நீலக் கண் இருந்தால் காதுகேளாமைக்கான வாய்ப்பு கூடுதல். ‘நீலக் கண்ணு, ரேர் பீஸ், ரேட்டு கூட’ என்று சொல்லும் இடத்தில் சாவிக்கொத்தை இன்னும் இரண்டு தடவை குலுக்குங்கள்.

தடுப்பூசி அட்டையை வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர் இருக்க வேண்டும்; அதில் மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி இருக்கும். பக்கத்தில் கால்நடை மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண், ஊசி போட்ட தேதி. பேனாவால் ‘வேக்சின் ஓகே’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். புழு மருந்து கொடுத்த தேதிகளும் அதே அட்டையில் இருக்கட்டும்; கொக்கிப்புழு இருந்தால் குட்டியின் ரத்தமே வற்றிவிடும்.

கேரண்டியை மூன்று காலக்கெடுவாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். ‘குட்டிக்கு நான் கேரண்டி’ என்ற ஒற்றை வரியால் எந்தப் பயனும் இல்லை. இப்படி எழுதச் சொல்லுங்கள்:

முதல் வரி: வாங்கிய 72 மணி நேரத்துக்குள் வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் கால்நடை மருத்துவர், குட்டி ஆரோக்கியமாக இல்லை என்று எழுதிக் கொடுத்தால் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தருகிறேன்.

இரண்டாவது வரி: 14 நாளுக்குள் பார்வோ அல்லது டிஸ்டம்பர் இருப்பது சோதனையில் தெரிந்தால் குட்டியின் விலைவரை சிகிச்சைச் செலவை ஏற்கிறேன், இறந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்.

மூன்றாவது வரி: ஒரு வருடத்துக்குள் காதுகேளாமை, இதயக் கோளாறு, குடலிறக்கம் போன்ற பிறவிக் குறை தெரிந்தால் விலையில் இவ்வளவு திருப்பித் தருகிறேன், அல்லது வாங்குபவர் விரும்பினால் வேறு குட்டி தருகிறேன்.

ஏன் 14 நாள்? பார்வோ கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளிப்பட பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட. ‘மூணு நாள் கேரண்டி’ என்று ஒருவர் தாராளமாகச் சொல்கிறார் என்றால், அவர் வீட்டில் தொற்றிய நோய் உங்கள் வீட்டில் தெரியும்போது அவர் பொறுப்பு முடிந்துபோயிருக்கும். நாய்களுக்கு வரும் இன்னொரு தொற்றுநோயான டிஸ்டம்பர் இன்னும் மெதுவாகவே தலைகாட்டும். ஆகவே இந்த வரியில் மட்டும் பேரம் பேசவே பேசாதீர்கள்.

குட்டியின் அடையாளத்தைத் தாளில் எழுதுங்கள். ஆணா பெட்டையா, பிறந்த தேதி, 15 இலக்க மைக்ரோசிப் எண். கால்நடை மருத்துவரிடம் ஸ்கேனர் இருந்தால் படிக்கச் சொல்லி எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எல்லாக் குட்டியும் வெள்ளை. நாளைக்கு ‘இது நான் கொடுத்த குட்டியே இல்ல’ என்று அவர் சொன்னால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

பில் கேளுங்கள், பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம்தான். கையில் எண்ணிக் கொடுத்த நோட்டுக்குச் சாட்சி கிடையாது.

வாங்கிய இரண்டு நாளுக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். இதயத் துடிப்பு, தொப்புள், பல், தோல் பார்க்கச் சொல்லுங்கள். மலத்தைப் புழுவுக்கும், உண்ணி இருந்தால் ரத்தத்தை உண்ணிக் காய்ச்சலுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். பார்வோ சந்தேகம் என்றால் கிட் டெஸ்ட் சில நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லாம் சீட்டில் எழுத்தாக வரட்டும்.

குறை தெரிந்த அன்றே பிரீடருக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதுங்கள். போனில் கத்துவதால் எதுவும் பதிவாகாது. மருத்துவச் சீட்டின் படத்தோடு ‘இன்று இந்த நோய் கண்டறியப்பட்டது, ஒப்புக்கொண்டபடி செய்யுங்கள்’ என்று அமைதியாக இரண்டு வரி போதும்.

குட்டி இறந்துவிட்டால் புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். மனசு வராது என்று தெரியும். ஆனால் வழக்கு தோற்பது பல நேரம் இங்கேதான்: எதனால் செத்தது என்று சொல்ல ஒரு தாளும் இருக்காது. உடலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸ் வைத்து, உறைய விடாமல், அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ கொண்டுபோங்கள்.

பணம் வரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். ஆனால் நீங்கள் கோயம்புத்தூரில் இருந்தால் கோயம்புத்தூர் ஆணையத்திலேயே மனு போடலாம். வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போடும் உரிமையை 2019 சட்டம் கொடுத்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

செய்யக்கூடாதவை

படத்தைப் பார்த்து அட்வான்ஸ் போடாதீர்கள். ஒரே குட்டியின் படம் நாலு பேர் பக்கத்தில் ஓடும்.

குட்டியை ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லாதீர்கள். கூடையிலோ அட்டைப் பெட்டியிலோ இரவு முழுக்கத் தண்ணீர் இல்லாமல் வரும் 2 மாதக் குட்டி பாதி உயிரோடு இறங்கும். வழியில் என்ன ஆனாலும் ‘நான் ஏத்தும்போது நல்லாத்தான் இருந்துச்சு’ என்ற பதில்தான் வரும்.

‘ஊசி போட்டாச்சு, இனி ஒண்ணும் வராது’ என்பதை நம்பாதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. எந்த வாரத்தில் அது தீரும் என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதால்தான் 6 அல்லது 8 வாரத்தில் ஆரம்பித்து, 3, 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் வரை போடச் சொல்கிறார்கள். விற்பதற்கு முந்தின நாள் போட்ட ஊசி அந்த வாரத்துக்கு எதையும் காப்பாற்றாது.

ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் நடத்தாதீர்கள். நோய் உங்கள் தெருவில் தொற்றினால் கேரண்டி கேட்கும் உரிமையும் போய்விடும்.

‘செத்தா வேற குட்டி தாரேன்’ என்ற ஒற்றை வாக்குறுதிக்குத் தலையாட்டாதீர்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பார்வோ கிருமி வீட்டுத் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முடியாத அடுத்த குட்டியை அதே முற்றத்தில் விட்டால் அதுவும் போகும். மண்ணைக் கழுவ முடியாது. தரையைக்கூட ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊற விட்டுத்தான் கழுவ வேண்டும். அதனால் பணமா குட்டியா என்று முடிவு செய்வது நீங்களாக இருக்க வேண்டும், அவராக இருக்கக் கூடாது.

‘எங்க டாக்டர் சொன்னாத்தான் செல்லும்’ என்ற வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் ஊரில், உங்கள் மருத்துவர் கொடுக்கும் சீட்டு செல்ல வேண்டும்.

‘விற்ற குட்டி திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். சட்டத்தின் பார்வையில் விற்கப்படும் குட்டியும் பொருள்தான். குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். அச்சடித்த ஒரு வரி உங்கள் உரிமையைப் பறித்துவிடாது.

கென்னல் கிளப் பேப்பரை ஆரோக்கியச் சான்று என்று நினைக்காதீர்கள். அது அப்பன், ஆத்தா யார் என்று சொல்லும். காது கேட்குமா என்று சொல்லாது.

‘பன்னி வேட்டைக்குப் போன பரம்பரை’ என்ற பெருமைக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ராஜபாளையத்துக்கு மேற்கே தெரியும் மலை, 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். நாயை விட்டுக் காட்டு விலங்கை வேட்டையாடுவது குற்றம். மாட்டினால் நாயும் கஷ்டப்படும், நீங்களும் கஷ்டப்படுவீர்கள்.

பாவம் பார்த்து நோய்க் குட்டியை வாங்காதீர்கள். மூலையில் ஒடுங்கி, மூக்கு ஒழுகி, வயிறு மட்டும் உப்பியிருக்கும் குட்டியைப் பார்த்தால் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும். நீங்கள் காசு கொடுத்தால் அடுத்த ஈத்தும் அதே கொட்டகையில் அப்படியே வளரும். விலங்கு நல வாரியத்துக்கு எழுதுங்கள்.

வாந்தி, ரத்தக் கழிச்சல் என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். பார்வோவில் குட்டி சாவது பெரும்பாலும் நீர் வற்றித்தான். சில மணி நேரத்தில் டிரிப்ஸ் ஏற்றினால் பிழைக்க வழி உண்டு. நாம் போடுகிற மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நடுவில் நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்பதைத்தான் பிரீடர் பிறகு காரணமாகப் பிடித்துக்கொள்வார்.

பெர்ஷியன் பூனைக்குட்டி வாங்குகிறவர்கள் ‘இது நாய்க்காரங்களுக்கு’ என்று தள்ளிவிடாதீர்கள். பூனைக்கு வரும் பான்லுகோபீனியாவும் பார்வோ குடும்பம்தான், அதே 14 நாள் வரி அங்கேயும் வேண்டும். வெள்ளை முடி, நீலக் கண் பூனைக்கும் சாவிக்கொத்துச் சோதனை செய்யுங்கள். கூடுதலாக இரண்டு கேளுங்கள்: பெற்றோர் பூனைகளுக்குச் சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கான மரபணுச் சோதனை, குட்டிக்கு லுகீமியா கிருமிக்கான ரத்தச் சோதனை. பாராசிட்டமால் மட்டும் பூனை வாயருகே போகவே கூடாது, ஒரு மாத்திரையிலேயே உயிர் போகலாம்.

காது கேட்காத குட்டி வந்துவிட்டால் அதைத் தெருவில் விடாதீர்கள். கேரண்டிப்படி பணத்தைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் திருப்பிக் கொடுத்தால் அந்தக் குட்டி என்ன ஆகும் என்று பிரீடரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு நீங்களே வளருங்கள். வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அதிலும் வண்டிச் சத்தம் கேட்காத நாய் ரோட்டில் ஒரு நாள் தாங்காது. செவிட்டு நாய் கைச் சைகையை நன்றாகக் கற்றுக்கொள்ளும். உட்கார், வா, வேண்டாம் என்று மூன்று சைகையில் ஆரம்பியுங்கள். வெளியே போகும்போது கயிறு எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும், தூங்கும்போது திடீரென்று தொடாமல் பக்கத்துத் தரையைத் தட்டி எழுப்புங்கள், வீட்டுக் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.